ஒரு ‘டக்’ குறைந்த ஞாயிறு: மேட்சல் தாண்டி ஒரு பைக் ரேஸ்

பைக் ரேஸுக்குப் போய் வந்தவர்கள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நானும் கிளம்பினேன். எந்த டயர், எவ்வளவு காற்று, எந்த வளைவில் எந்த கியர் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். பயத்தைப் பற்றி மட்டும் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. ஒன்று, அவர்களுக்குப் பயமே கிடையாது. இல்லை, அதை எழுத வெட்கம். இரண்டாவதுதான் என்று எனக்குச் சந்தேகம். அதனால் இந்தக் கட்டுரையில் கிலோமீட்டரும் செலவும் இருக்கும், என் பயமும் இருக்கும். படித்துவிட்டு நீங்கள் போகாமல் விட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் கோகிலா. சொந்த ஊர் உடுமலை. ஹைதராபாத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மல்லாபூரில் வீடு, மாதாப்பூரில் வேலை. சாஃப்ட்வேர் டெஸ்டர், அதாவது அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். தினமும் ஆபீஸுக்கு 200 சிசி பைக்கில்தான் போய் வருகிறேன். போன மழைக்காலத்தில் ஹப்சிகுடா பக்கம் முன்னால் போன பஸ் சட்டென்று நிற்க, நான் பிரேக்கை அழுத்த, பின் சக்கரம் வழுக்கி ஒரு சாண் தூரத்தில் தப்பித்தேன். அன்றிலிருந்து பிரேக் லீவரில் விரல் வைத்தாலே உள்ளங்கை வேர்த்தது. பிரேக் பிடிக்கச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஜோசப் அண்ணாவிடம் புலம்பியபோது, “ஹவ், அப்ப டிராக்குக்கு வா” என்றார். இந்த ஊரில் ஆமாவுக்கு ‘ஹவ்’.

ஜோசப் அண்ணாவுக்கு நாற்பது வயது. செகந்திராபாத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கண்ணாடி வாங்கப் போன இடத்தில்தான் பழக்கம். ஏழு வருடமாக கிளப் ரேஸ் ஓட்டுகிறார். பரிசு எதுவும் வாங்கியதில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகவும் தெரியவில்லை.

நாங்கள் போனது ஜனவரியில், சங்கராந்தி விடுமுறை முடிந்த அடுத்த சனி, ஞாயிறு. ஆனால் பயணம் வெள்ளிக்கிழமையே சனத்நகரில் தொடங்கிவிட்டது. இன்ஜின் ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, மெல்லிய கம்பியால் கட்ட வேண்டும் என்பது கிளப் விதி. ஓடும்போது அது கழன்று விழுந்தால் ஆயில் பாதையில் கொட்டும், பின்னால் வருகிறவர்கள் வரிசையாக விழுவார்கள். மல்லாபூரிலிருந்து சனத்நகருக்குப் பதினேழு கிலோமீட்டர், காலை பத்து மணிக்கு ஐம்பது நிமிடம் ஆனது. லேத் பட்டறைக்காரர் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எந்துக்கம்மா, போல்ட் பாரிபோதுந்தா?” என்றார். போல்ட் ஓடிப்போய்விடுமா என்று கேட்கிறார். ஓடிப்போகும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய பயமும் என்று விளக்க எனக்குத் தெலுங்கு பத்தவில்லை. இரண்டு போல்ட்டுக்கு 350 ரூபாய். மூன்று டிரில் பிட் உடைந்தது, அதற்குத் தனியாக அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு செகந்திராபாத்தில் ஜோசப் அண்ணா வீட்டு வாசலில் ட்ராலி ஆட்டோ நின்றது. இரண்டு பைக்கையும் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்ட அரை மணி நேரம். போக வர 2,800 ரூபாய், ஆளுக்குப் பாதி. நாங்கள் அவருடைய பழைய காரில் கருவிகளோடு பின்னால் போனோம். கிளம்பும்போது அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா இரண்டு நாளைக்கும் ஆகிற மாதிரி புளிசாதமும் சப்பாத்தியும் கட்டிக் கொடுத்தார். ஏழு வருடத்தில் ஒரு ரேஸையும் அவர் பார்த்ததில்லையாம்.

“ஒரு தடவ வாங்களேன்க்கா” என்றேன்.

“நக்கோ மா, வேணாம். அத்தப் பாத்தா எனக்கு நெஞ்சே நின்னுடும். போன மாதிரியே திரும்பி வந்தா போதும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மேட்சல் வழியாக முப்பத்தேழு கிலோமீட்டர். மேட்சல் வரைக்கும் நல்ல ரோடு, கடைசிப் பதினொரு கிலோமீட்டர் குண்டும் குழியும். ஏழேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தனியார் இடம். கோ-கார்ட் என்கிற குட்டி ரேஸ் வண்டிகளுக்காகப் போட்ட பாதை, சுற்று ஒன்றுக்கு 1.1 கிலோமீட்டர். பெரிய மைதானத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தகரக் கூரை போட்ட ஒரு வரிசை, டீக்கடை ஒன்று, ஆம்புலன்ஸ் ஒன்று, டயர்களை அடுக்கிய சுவர். அந்த ஆம்புலன்ஸின் பின்கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. அதைப் பார்க்காமல் நடந்து பழக எனக்கு மத்தியானம் வரை ஆனது.

நுழைவுக் கட்டணம் இரண்டு நாளுக்கு 4,500. தோல் உடை வாடகை 1,500. படிவத்தில் ரத்த வகை, வாரிசு, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எல்லாம் கேட்டிருந்தது. வீட்டில் யாருக்கும் நான் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அடுத்த பஸ் பிடித்து வந்துவிடுவார். என்ன எழுதுவது என்று முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, “ஸ்டெல்லா நம்பர போடு” என்றார் ஜோசப் அண்ணா. ஆகவே எங்கள் இருவரில் யாருக்கு என்ன ஆனாலும் போன் ஸ்டெல்லா அக்காவுக்குத்தான் போகும்.

பிறகு பைக்குகளின் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளில் டேப் ஒட்டி, இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்ட்டை வடித்து வெறும் தண்ணீர் ஊற்றினோம். கூலண்ட் சிந்தினால் ரோடு சோப்புப் போட்ட மாதிரி ஆகிவிடுமாம். முன் டயரில் காற்றைக் குறைத்தோம். பயிற்சியில் முதல் சுற்றை ஒரு நிமிடம் பத்தொன்பது விநாடியில் முடித்தேன். சைக்கிளில் வந்தால்கூட இதைவிடச் சீக்கிரம் வந்திருக்கலாம் என்று டீக்கடைக்காரர் நினைத்திருப்பார். என் பிரச்சினை முழுக்க நேர்ப்பாதையின் முடிவில் இருந்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய், ஊசி வளைவுக்காக நாற்பதுக்கு இறங்க வேண்டும். எதிரே டயர் சுவர். ஒவ்வொரு தடவையும் மற்றவர்களைவிட முப்பது மீட்டர் முன்னாலேயே பிரேக் பிடித்தேன். சாயங்காலத்துக்குள் அதைப் பத்து மீட்டராக்கினேன். நேரம் ஒரு நிமிடம் ஐந்து விநாடிக்கு வந்தது. அந்தப் பயிற்சி நேரத்தை வைத்து, ஞாயிற்றுக்கிழமை வரிசையில் எனக்கு ஒன்பதாவது இடம், ஜோசப் அண்ணாவுக்கு ஐந்தாவது. மொத்தம் பதினான்கு பேர். பெண் நான் ஒருத்திதான்.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம்.

இந்த கிளப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. பார்ட்னர் செக் என்பார்கள். ரேஸுக்கு முன்னால் உங்கள் பைக்கின் முக்கியமான போல்ட்டுகளை நீங்களே கடைசியாக இறுக்கக் கூடாது, உங்கள் ஜோடிதான் இறுக்க வேண்டும். தன் கையால் மாட்டியதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு இருக்கிறதே, அதற்காக. டார்க் ரெஞ்ச் என்று ஒரு கருவி. தேவையான இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும். சத்தம் கேட்டதும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை நெயில் பாலிஷால் சின்னதாக ஒரு கோடு போட வேண்டும். போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பதினெட்டு போல்ட், பதினெட்டு கோடு, சோதனைத் தாளின் அடியில் ஜோடியின் கையெழுத்து. மறுநாள் காலையில் சோதனை செய்கிற ராவ் சார் ரெஞ்ச் எடுக்க மாட்டார். டார்ச் அடித்துக் கோடு இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவார். ஜோசப் அண்ணாவுக்கு நான், எனக்கு அவர்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருடைய முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததால் மாற்றினார். டயரை மாற்ற முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டும், சக்கரத்தைக் கழற்ற பிரேக் காலிப்பரைக் கழற்ற வேண்டும். காலிப்பர் என்பது டிஸ்க்கைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் பாகம், இரண்டே போல்ட்டில் நிற்கிறது. எல்லாவற்றையும் மாட்டிக் கையால் திருகிவிட்டு, “இனி உன் வேல” என்று ரெஞ்சை என்னிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஆறு மணி. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அச்சு போல்ட்டை இறுக்கினேன், டக். கோடு. அதன் கீழே இரண்டு போல்ட், டக், டக். இரண்டு கோடு. காலிப்பரின் மேல் போல்ட், டக். ரெஞ்சைக் கீழ் போல்ட்டுக்கு மாற்றப் போகும்போது போன் அடித்தது. ஸ்டெல்லா அக்கா.

“கோகிலா, அவரு போன எடுக்கல. எல்லாம் நல்லா இர்க்குதா?”

“நல்லா இருக்குங்க்கா. டீ குடிக்கப் போயிருக்காரு. நான் அவரு வண்டியத்தான் பாத்துட்டு இருக்கேன்.”

“நீ பாக்கிறியா? அப்ப சரி. எனக்கு பயமில்ல” என்றார். பிறகு இருமல் மருந்தைப் பற்றியும், புளிசாதம் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்றும் ஐந்து நிமிடம் பேசினார். நான் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு “ஆமாங்க்கா, ஆமாங்க்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பேசி முடித்துப் பார்த்தால் காலிப்பரின் இரண்டு போல்ட்டிலும் சிவப்புக் கோடு இருந்தது. சரி, இது முடிந்தது என்று பின் சக்கரத்துக்குப் போனேன். பதினெட்டும் முடித்துக் கையெழுத்துப் போட்டேன். ஆறு ஐம்பது.

மேட்சலில் லாட்ஜ். தனி அறை, 1,200. வெந்நீர் உண்டு, தூக்கம் இல்லை. அது லாட்ஜின் குற்றமும் அல்ல.

ஞாயிறு காலையில் எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனி. அதனால் காலைப் பயிற்சியை ரத்து செய்துவிட்டார்கள். எட்டரைக்கு ராவ் சார் டார்ச்சோடு வந்து ஜோசப் அண்ணாவின் பைக்கைச் சுற்றிப் பார்த்தார். கோடு இருந்தது, முத்திரை விழுந்தது. பத்து நாற்பதுக்கு எங்கள் ரேஸ், எட்டுச் சுற்று. மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து அவரவர் இடத்தில் நின்றோம்.

பயம் என்றால் சும்மா இல்லை. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சே எனக்கு இரைச்சலாகக் கேட்டது.  ஆபீஸில் ஒரு வேலையை ஒப்படைக்கும் முன்னால் நான் செய்ததையெல்லாம் முதலிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். அப்படிச் செய்தால் மனசு கொஞ்சம் அடங்கும். அதையே இங்கேயும் செய்தேன். அச்சு, டக். அதன் கீழே டக், டக். காலிப்பர் மேலே டக். ஸ்டெல்லா அக்கா. புளிசாதம். பின் சக்கரம், டக்.

திரும்ப ஒரு தடவை ஓட்டினேன். காலிப்பர் மேலே டக். ஸ்டெல்லா அக்கா. பின் சக்கரம்.

கீழ் போல்ட்டின் சத்தம் எங்கேயும் இல்லை. போன் பேசிக்கொண்டிருந்தபோது சும்மா இருந்த என் வலது கை, பிரஷ்ஷை எடுத்து இரண்டு போல்ட்டுக்கும் கோடு போட்டிருக்கிறது. பேசி முடித்ததும் நான் போட்ட கோட்டை நானே பார்த்து, இறுக்கியாகிவிட்டது என்று நம்பிவிட்டேன். ராவ் சாரும் அந்தக் கோட்டைத்தான் நம்பினார். ஜோசப் அண்ணா எனக்கு இரண்டு வரிசை முன்னால், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஒருவேளை சத்தம் கேட்டு நான் மறந்திருக்கலாம். அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன். வரிசையில் யாராவது கையைத் தூக்கினால் தொடக்கத்தை நிறுத்திவிடுவார்கள். நியூட்ரலுக்கு மாற்றி, இடது கையைத் தூக்க வேண்டும், மூன்று விநாடி வேலை. பதின்மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். இருந்த ஒரே பொம்பளையும் பயந்துட்டா என்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த மூன்று விநாடியில் நான் நினைத்தது ஜோசப் அண்ணாவை அல்ல, அவர்களை. பச்சைக் கொடி விழுந்தது. எல்லோரும் போனார்கள். நானும் போனேன்.

முதல் சுற்றில் ஊசி வளைவு வரும்போது என் பிரேக்கைப் பற்றி எனக்கு நினைவே இல்லை. முன்னால் அவருடைய பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் ஃபோர்க் அமுங்கியது, வண்டி இறங்கியது, திரும்பியது. சரி. இன்னும் ஏழு தடவை. அந்தக் கீழ் போல்ட் ஒவ்வொரு பிரேக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவது என் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கே தெரியும்? அத்தனை தூரத்தில் போல்ட் இருக்கிறதா என்றே தெரியாது. ஆனாலும் தெரிந்தது. அது கழன்றால் காலிப்பர் சுழன்று சக்கரத்துக்குள் போகும், சக்கரம் இறுகும், அவர் எதிர்ச் சுவருக்குப் போவார். பிறகு யாரோ படிவத்தைப் பார்த்து ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் போடுவார்கள்.

அவரைப் பிடித்தே ஆக வேண்டும் என்று ஓட்டினேன். இரண்டாவது சுற்றில் மூன்று பேரைத் தாண்டினேன், எப்படி என்று கேட்காதீர்கள். பிறகு கிடைத்த நேரத் தாளில் அந்தச் சுற்றுக்கு ஒரு நிமிடம் ஒன்றரை விநாடி என்று போட்டிருந்தது. நான் வாழ்நாளில் ஓட்டிய வேகமான சுற்று அதுதான். மூன்றாவது சுற்றின் நேர்ப்பாதையில் அவருக்குப் பக்கத்தில் வந்து, இடது கையை எடுத்து அவர் முன் சக்கரத்தைக் காட்டிக் காட்டி ஆட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். ஒன்பதாவது இடத்திலிருந்து வந்து தன்னைப் பிடித்துவிட்டேன் என்று சந்தோஷத்தில் சீண்டுகிறேன் போல என்று நினைத்துவிட்டார். கட்டைவிரலைக் காட்டிவிட்டு, இன்னும் கீழே குனிந்து முறுக்கினார். அந்தத் தடவை ஊசி வளைவில் அவர் பிரேக் பிடித்தது வழக்கத்தைவிடவும் தாமதமாக. நான் ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். அவர் வளைந்து போய்விட்டார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நான்காவது சுற்றில் அடுத்த வளைவில் கொடியோடு நின்ற மார்ஷல் பக்கம் வண்டியை விட்டு இறங்கி, “ஆபண்டி! ரேஸ் ஆபண்டி! பிரேக்!” என்று, நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அவர் என் பைக்கைப் பார்த்து, “மீக்கு பிரேக் லேதா?” என்றார், உங்களுக்கு பிரேக் இல்லையா என்று.

“நாக்கு காது! ஆயனக்கி! நம்பர் இருபத்தேழு!” எனக்கில்லை, அவருக்கு என்று அழுதுகொண்டே சொன்னேன். எந்த மொழியில் எவ்வளவு சொன்னேன் என்று தெரியாது. அவர் ரேடியோவில் பேசினார். சிவப்புக் கொடி பாதை முழுக்க எழுந்தது. ஜோசப் அண்ணா வேகத்தைக் குறைத்துக் கூரைக்கடியில் போய் நிற்கும் வரை நான் புல்லில் உட்கார்ந்தே இருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது முன் சக்கரத்தைச் சுற்றிக் கூட்டம். விஷயத்தைச் சொன்னேன். ராவ் சார் ரெஞ்சைக் கீழ் போல்ட்டில் வைத்து மெதுவாகத் தள்ளினார். கை தள்ளத் தள்ளப் போனது. அரைச் சுற்று போன பிறகுதான் ‘டக்’ என்றது. சிவப்புக் கோடு இரண்டாக உடைந்து, ஒரு பாதி இங்கேயும் ஒரு பாதி அங்கேயும் நின்றது. “பஸ், இத்னா ஹீ?” என்று யாரோ பின்னால் சொன்னார்கள். இவ்வளவுதானா, இதற்கா ரேஸை நிறுத்தினாய் என்று அர்த்தம். ராவ் சார் அவரைத் திரும்பிப் பார்த்தார். எட்டுச் சுற்றும் தாங்கியிருக்கலாம், அடுத்த சுற்றிலேயே போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு, தாளில் என் கையெழுத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். மிச்ச போல்ட்டுகளைத் தானே ஒருமுறை இறுக்கிப் பார்த்து, தன் கையெழுத்தைப் போட்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து சுற்றுக்கு மறுபடி தொடங்கினார்கள். பாதையில் நிறுத்தி இறங்கியதால் எனக்கு அனுமதி இல்லை. சுவரோரம் நின்று பார்த்தேன். எல்லா போல்ட்டும் சரியாக இருக்கிறது என்று தெரிந்தும் ஒவ்வொரு ஊசி வளைவுக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஆறாவதாக வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 

“ஏன் நேத்தே சொல்லல?”

“நேத்து தெரியாதுங்ணா. லைன்ல நிக்கிறப்பத்தான் தெரிஞ்சுது.”

“அப்பவே கைய தூக்கி இர்க்கலாம் இல்ல?”

“பயமா இருந்துச்சுங்ணா.”

“இன்னாத்துக்கு?”

“எல்லாரும் என்னைப் பாப்பாங்கன்னு.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினார். மூணு சுத்து, என்று தனக்குத்தானே சொன்னது கேட்டது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிரேக் பயம் போக வேண்டும் என்று வந்தவள், அதைவிட அற்பமான ஒரு பயத்துக்காக இன்னொருவர் உயிரை மூன்று சுற்று பணயம் வைத்திருக்கிறேன்.

அப்போது அவர் போன் அடித்தது. ஸ்டெல்லா அக்காதான். “முடிஞ்சிது, நல்லா இர்க்கேன், ஆறாவது” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “கோகிலாவாண்ட பேசணுமாம்” என்று போனை நீட்டினார். ஒன்றும் சொல்லாதே என்று அவர் கண் சொன்னது. சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் நீ பார்க்கிறாய் என்றால் பயமில்லை என்றவர் ஸ்டெல்லா அக்காதானே. சொன்னேன். ஒரு போல்ட்டை இறுக்காமலே கோடு போட்டுவிட்டேன், தெரிந்தும் மூன்று சுற்று விட்டுவிட்டேன் என்றேன்.

“நீ அப்டி விடற ஆள் இல்லியே மா. இன்னா ஆச்சு?”

“நடுவுல ஒரு போன் வந்துச்சுங்க்கா. பேசிட்டே கோடு போட்டுட்டேன்” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

  ஸ்டெல்லா அக்கா மெல்லிய குரலில், “ஆறு மணிக்கா?” என்றார்.  “அது நான் பண்ண போனு” என்றார். அதோடு வைத்துவிட்டார்.

திரும்பி வர அதே முப்பத்தேழு கிலோமீட்டர். நெரிசலில் இரண்டு மணி நேரம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். எனக்கு ஆன மொத்தச் செலவு 9,590 ரூபாய், அதில் பெட்ரோல் 640. சாப்பாடு ஸ்டெல்லா அக்காவின் புண்ணியம். தோல் உடையைப் பத்து நாள் முன்பே சொல்லி வைத்தால்தான் உங்கள் அளவு கிடைக்கும். எனக்குக் கிடைத்ததில் இன்னொருத்தியும் நுழையலாம். ஜனவரியில் பத்து மணிக்கு முன்னால் பனியால் ஒன்றும் நடக்காது, டயரும் சூடேறாது. சனத்நகர் வேலையை வெள்ளிக்கிழமைக்கு வைக்காமல் முந்தைய வாரமே முடித்துவிடுங்கள். வரிசையில் நிற்கும்போது மனதில் ஏதாவது உறுத்தினால் கையைத் தூக்கிவிடுங்கள். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். நான் தூக்காமல் விட்ட கை எனக்கு இன்னும் மறக்கவில்லை. முக்கியமாக, அடுத்தவர் வண்டியில் கை வைக்கும்போது உங்கள் போனை அணைத்துக் காரில் வைத்துப் பூட்டுங்கள்.

என் பிரேக் பயம் போனதா என்று கேட்பீர்கள். ஹப்சிகுடாவில் இப்போது உள்ளங்கை வேர்ப்பதில்லை. அது எப்போது போனது என்று கவனிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

பிப்ரவரி ரேஸுக்கு ஜோசப் அண்ணா வேறு ஜோடி தேடிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். தாளில் என் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தார். ராவ் சார் ஒரு நிபந்தனை போட்டார். நான் இறுக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் இருந்து சத்தத்தை எண்ண வேண்டும், அவர்தான் கோடு போட வேண்டும். யார் என்று கேட்டதற்கு, ஆளை நான் பாத்துக்கிறேன் என்றார் ஜோசப் அண்ணா. சனிக்கிழமை காலையில் கார் முன் சீட்டில் ஸ்டெல்லா அக்கா உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, நெயில் பாலிஷ் பாட்டிலை இறுக்கி மூடிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதையின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் வாய்விட்டு எண்ணி, மூடியைத் திறந்து, கோடு போட்டு, மறுபடி மூடினார். கோடெல்லாம் கோணல். கடைசியாகக் காலிப்பரின் கீழ் போல்ட். நான் இறுக்கும்போது பக்கத்தில் யாரோ இன்ஜினை முறுக்கினார்கள்.

“கேக்கல. திருப்பிப் போடு” என்றார்.

இன்ஜின் அடங்கும்வரை காத்திருந்து, திரும்பப் போட்டேன். டக்.

“பதினெட்டு” என்று சொல்லிக் குனிந்தார். அவர் கைப்பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.